வேலை வருதாம்ல, வேலை!

கீழ்வேளூர்ல டீக்கடை பெஞ்சு தேய உக்காந்து ஓசி பேப்பர் படிக்கிற ஆசாமி நான். 'வட்டாரம் வளம் பெறும், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை'... இந்த மூணும் ஒரே செய்தியில வந்தா கண்ணை மூடிக்கிட்டு சொல்லிடலாம், எங்கயோ நிலம் எடுக்கப் போறாங்கன்னு :-)

சரி, மேட்டருக்கு வருவோம். எங்களுக்கு எட்டாத தூரமில்லை பனங்குடி. நரிமணம் எண்ணெயைச் சுத்திகரிக்க 1993ல அங்க ஆலை வந்துச்சு. சென்னை பெட்ரோலியம் கம்பெனியோடது (சி.பி.சி.எல்). அதே இடத்துல வருஷத்துக்கு 90 லட்சம் டன் சுத்திகரிக்கிற புது ஆலைக்கு 2021 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. மதிப்பீடு சுமார் 31,500 கோடி ரூபாய். உடனே 'வேலைவாய்ப்பு' பஜனை ஆரம்பம்.

நான் கேக்குறது இதுதான். 1993ல இருந்து ஆலையைப் பாத்த ஊரு இது. எங்க புள்ளைங்க இன்னும் திருப்பூருக்கும் துபாய்க்கும்தானே பெட்டி கட்டுறாங்க? சுத்திகரிப்பு ஆலைங்கறது பணமும் மெஷினும் ஓட்டுற தொழில். கட்டுற வரைக்கும் வெல்டரும் கம்பி கட்டுறவரும் வேணும். கட்டி முடிச்சதும் ஒப்பந்தக்காரர் மூட்டையைக் கட்டிடுவார். அப்புறம் உள்ளூர்க்காரனுக்கு மிஞ்சுறது பெரும்பாலும் வாட்ச்மேன் வேலைதான்.

சரி, வர்ற வேலையை எண்ணுறீங்க. போற வேலையை யார் எண்ணுறது? நிலத்துக்காரருக்குப் பட்டா இருக்கு, பணம் வரும். குத்தகைக்காரர்? நடவுக்கும் களையெடுப்புக்கும் போற பொம்பளைங்க? அவங்க பேருல ஒரு துண்டு காகிதம்கூட இருக்காது. மூணு வருஷமா அந்த நிலத்தை நம்பிப் பொழைச்சவங்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான்னு 2013 நில எடுப்புச் சட்டமே சொல்லுது. ஆனாலும் மறுவாழ்வுத் தொகை கேட்டு 2024லயும் பனங்குடி மக்கள் போராட வேண்டியிருந்துச்சு.

அடுத்தது 'பாதிப்பில்லை'. 2023 மார்ச்சுல நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில இதே கம்பெனியோட குழாய் உடைஞ்சு எண்ணெய் கடல்ல கலந்துச்சு. குழாயையே எடுங்கன்னு மீனவர்கள் போராடினாங்க. அதே வருஷம் டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரம் பூரா எண்ணெய். குழாய்ல கசிவே இல்லைன்னு கம்பெனி சொல்லிச்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய்ப் பாத்தா, மணலி ஆலை வளாகத்துல இருந்துதான் வெள்ளத்தண்ணியோட பக்கிங்காம் கால்வாய்க்கு எண்ணெய் போயிருக்கு. குழாய்ல வராம வாசல் வழியா வந்திருக்கு போல!

ரேஷன் கடையிலகூட இருப்புப் பலகை உண்டு. அதே மாதிரி ஆலை வாசல்லயும் ஒண்ணு மாட்டுங்க. நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, அதுல சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எத்தனை, நிலம் போனதால வேலை இழந்தவங்க எத்தனை. மாசாமாசம் எழுதுங்க. எழுதினா நம்புறோம்.

டிஸ்கி: நான் ஆலைக்கு எதிரி இல்லீங்கண்ணா. கணக்கு கேட்டா எதிரின்னு சொல்றவங்களுக்குத்தான் எதிரி.