கொழுந்துக்கு ஒரு வேகம், பிள்ளைக்கு ஒரு வேகம்

"தோட்டத்துப் பிள்ளைகள் கையிலும் இப்போது டச் போன் இருக்கிறது. இனி கொழும்பு என்ன, ஹட்டன் என்ன, எல்லாம் ஒன்றுதான்."

பல வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பரிசளிப்பு விழாவில் கேட்டேன், மே தினக் கூட்டத்தில் கேட்டேன், நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்கிலும் கேட்டேன். பேசுகிறவர் மாறுகிறார், கட்சி மாறுகிறது, இந்த வாசகம் மட்டும் மாறுவதில்லை. 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைத்து மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனார்கள். அந்த வருடத்திலும் கைபேசியைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு முன்னேற்றம்" என்று சொல்ல ஆள் இருந்தது. சபை கைதட்டியது. எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பேச்சில் ஒரு வரி கூட உண்மையில்லை.

முதலில் அந்தப் போனைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு போன். அதைப் பிள்ளையின் போன் என்று சொல்வது தவறு. கடைக்காரரிடம் பேசுவதும், கொழும்பில் வேலை செய்யும் மகனை விசாரிப்பதும், சாவு வீட்டுச் செய்தி வருவதும் எல்லாம் அதில்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு, பாடம் வாட்ஸ்அப்பில் வரும், சூமில் வரும் என்றார்கள். ஊரடங்கில் கொழும்பில் மாட்டிக்கொண்ட தகப்பன்மார் எத்தனையோ பேர். "அப்பா கொழும்புல மாட்டிக்கிட்டாரு டீச்சர், போனும் அவருகிட்டதான் இருக்கு" என்ற பதிலை அந்த மாதங்களில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் கேட்காத நாளில்லை. போன் வீட்டில் இருந்தாலும் ஆண்டு ஐந்தில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, சாதாரண தரத்தில் ஒன்று என மூன்று பிள்ளைகள். பரீட்சை எழுதப்போகிறவனுக்கே முதல் இடம் என்று அம்மா முடிவு செய்வாள். மற்ற இரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்த முடிவோடு அன்றைக்கு முடிந்தது.

இன்னொரு போன் வாங்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்குச் சம்பளக் கணக்கு தெரியாது. அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 1000 ரூபாய் ஆனதே 2021 மார்ச்சில்தான். மாதத்தில் 25 நாள் பேர் விழுந்தாலும், அதாவது வேலை பதிவானாலும், 700 ரூபாய்க் கணக்கில் 17,500 ரூபாய். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அதிலிருந்து சேமலாப நிதி போகும், தீபாவளி முற்பணம் போகும், கடைக்கடன் போகும். மிச்சத்தில் டச் போன் வாங்கி, வாரத்துக்கு வாரம் ரீலோட் போட்டு, மூன்று பிள்ளைக்கு வீடியோ பாடம் காட்ட வேண்டும். பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. ரூபாய் சரிந்தது, போன் விலை எகிறியது. அந்த செப்டெம்பரில் கைபேசிக் கட்டணமும் 20 சதவீதம் ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகி, அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைபேசியின் மேலும் விழுந்தது. நாடாளுமன்றத்தில் அந்த வரிக்குக் கை தூக்கியவர்களே மேடையில் போனைப் பற்றிப் பெருமை பேச முடிகிறது என்பதுதான் என் கோபம்.

எங்கும் டவர் வந்துவிட்டது என்பது அடுத்த வாதம். டவர் ரோட்டைப் பார்த்து நிற்கிறது, லயம் பள்ளத்தில் இருக்கிறது. கோயில் மேட்டிலும் தேயிலைமலை உச்சியிலும் பிள்ளைகள் கொப்பியோடு உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. டவர் இருந்தால் போதும் என்ற கதை உலகத்திலும் பொய்யாகித்தான் இருக்கிறது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 550 கோடிப் பேர் இணையத்தில் இருந்தார்கள், 260 கோடிப் பேர் வெளியே இருந்தார்கள். வெளியே இருப்பவர்களில் பெரும்பான்மையோர் கவரேஜ் உள்ள இடத்தில் வாழ்கிறவர்கள். தலைக்கு மேல் அலைவரிசை போகிறது, அதைப் பிடிக்கக் காசு இல்லை, கருவி இல்லை, அவர்கள் மொழியில் அதில் ஒன்றும் இல்லை.

தொழிலாளி குடிக்கச் செலவழிக்கும் காசில் போன் வாங்கலாம் என்பார் சிலர். தோட்டத்து வாசலில் சாராயக்கடைக்கு அனுமதி கொடுத்தவர்களிடம் போய் அதைக் கேட்கட்டும்.

என்னால் கொஞ்சமும் பொறுக்க முடியாத வாதம் இனிமேல்தான் வருகிறது. "மலை, காடு, தூரம், இங்கெல்லாம் தொழில்நுட்பம் மெதுவாகத்தான் வரும், கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார்களே, அது. இதைச் சொல்கிறவர்களுக்கு மலையகத்தின் வரலாறு தெரியாது, அல்லது தெரிந்தே மறைக்கிறார்கள். இந்த நாட்டில் தொழில்நுட்பம் மிக விரைவாக ஏறிவந்த இடங்களில் ஒன்று இந்த மலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். அந்த வருடமே கண்டி வரைக்கும் ரயில் ஓடியது. 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. சுரங்கம் குடைந்து, பாலம் போட்டு, ஆறாயிரம் அடிக்கு மேல் தண்டவாளம் ஏற்றினார்கள். அப்போது மலை தடையாக இல்லை, காடு தடையாக இல்லை. மேலே இருந்த கோப்பியும் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்துக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் தூரம் குறைந்தது. அதே மலையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைத்தாய்ச்சிகளை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மின்சாரக் கதை இதைவிடக் கொடியது. தோட்டத் தொழிற்சாலைகள் ஓடைத் தண்ணீரில் டர்பைன் சுழற்றித் தங்களுக்கு வேண்டிய சக்தியைத் தாங்களே எடுத்துக்கொண்ட காலம் நூறு வருடத்துக்கு முந்தியது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகரத்துக்கு விளக்கேற்றினார். 1918இல் களனி ஆற்றின் கிளைகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று அறிக்கை வாசித்தார். 1950இல் லக்சபான ஓடத் தொடங்கியது. அப்புறம் காசல்ரீ, மவுசாகலை. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தையே தண்ணீருக்குள் விட்டோம். 2012இல் மேல் கொத்மலை, 150 மெகாவாட். அதற்காக சென்கிளயர் அருவியின் தண்ணீரைக் கொடுத்தோம். கொழும்பின் விளக்குகளுக்கு எங்கள் மலை தண்ணீர் தந்தது. அந்த அணைகளைப் பார்த்த மாதிரி நின்ற லயங்களில் பல பத்தாண்டுகள் குப்பி விளக்குத்தான் எரிந்தது. மின்கம்பி லயத்துக்கு மேலாகப் போனது, காம்பராவுக்குள் இறங்கவில்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் படித்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவர்களிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமையில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள நினைப்பவர்கள் 2020ஐப் பார்க்கட்டும். மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. கொழும்புத் தேயிலை ஏலமும் நின்றது. 1883 ஜூலையில் தொடங்கி, விற்பவரும் வாங்குபவரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து சத்தமாக விலை கேட்டு நடத்திய ஏலம் அது. கணினிக்கு மாற்றலாமா வேண்டாமா என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கு வந்தது, ஏப்ரல் 4ஆம் திகதி ஏலம் இணையத்தில் நடந்தது. நூற்று முப்பத்தாறு வருட வழக்கம் மூன்று வாரத்துக்குள் மாறியது. வாங்குபவர் வீட்டில் இருந்தபடியே விலை கேட்டார். அந்த ஏலத்துக்குத் தேயிலை வேண்டுமே, ஆகவே தோட்ட வேலைக்கு ஊரடங்கிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஊரே வீட்டுக்குள் இருந்தபோது எங்கள் அம்மாமார் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனார்கள், கொழுந்து எடுத்தார்கள், மடுவத்தில் நிறுத்தார்கள். அவர்கள் பறித்த கொழுந்து தூளாகி இணையத்தில் ஏலம் போனது. அவர்கள் பெற்ற பிள்ளை லயத்து இஸ்தோப்பில் பாடமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பள்ளி கொஞ்ச நாள் திறந்தது, மறுபடி மூடியது. 2021 ஏப்ரல் கடைசியில் மூடிய பள்ளிகள் ஒக்டோபர் கடைசியிலிருந்துதான் படிப்படியாகத் திறந்தன. இலைக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது. பிள்ளைக்கு ஒன்றரை வருடத்திலும் ஒரு வழி பிறக்கவில்லை. இரண்டும் ஒரே மலை, ஒரே ரோடு, ஒரே டவர்.

இதைக் கேட்ட பிறகும் மலையைக் குற்றம் சொல்ல முடியுமா? மின்தராசு வந்துவிட்டது, கொழுந்து நிறையைக் கைக்கருவியில் பதிகிற தோட்டங்கள் உண்டு, ட்ரோன் பறக்கவிடும் தோட்டங்களும் உண்டு. அந்தக் கருவிகளுக்கு மட்டும் பள்ளமும் மேடும் தெரிவதில்லை. தொழில்நுட்பம் யாருக்காக வருகிறது என்று பணம் முடிவு செய்கிறது, மலை முடிவு செய்வதில்லை.

கேரளத்து மூணாறிலும் நம் சொந்தக்காரர்கள்தான் தேயிலை பறிக்கிறார்கள். அங்கும் 2020இல் ராஜமலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் போனார்கள். கேரளம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அரசு ஜூன் முதலாம் திகதியே விக்டர்ஸ் தொலைக்காட்சியில் வகுப்பைத் தொடங்கியது. இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் தமிழில் பாடம் செய்தது. வீட்டில் டிவி இல்லாதவர்களுக்கு வாசகசாலையிலும் அங்கன்வாடியிலும் டிவி வைத்தது. வீட்டில் என்ன இல்லை என்று அங்கே யாரோ போய் எண்ணியிருக்கிறார்கள். இங்கே எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்று சொல்லி எண்ணாமலே விட்டார்கள்.

எண்ணிய இடத்தில் என்ன தெரிகிறது? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து வெளியிடுகிறது. தோட்டம் எப்போதும் கடைசி. அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் மிகத் தாராளமானது. ஐந்து வயதுப் பிள்ளை தனியாகக் கணினியில் கேம் விளையாடினாலும் அதற்குக் கணினி அறிவு உண்டு என்று கணக்கு. அத்தனை தாழ்ந்த வேலியைக்கூடத் தாண்ட எங்கள் பிள்ளைக்குக் கணினி கிடைக்கவில்லை.

அரசாங்கம் அறிவகங்களைத் திறந்து கொடுத்ததே என்று நினைவுபடுத்துவார்கள். நெனசல என்று சிங்களத்தில் பெயர். 2000களின் நடுவில் உலக வங்கி உதவியோடு தொடங்கி நாடெங்கும் வைத்தார்கள். 2014இல் அதற்கு கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. கிராமத்துக்கு அது நல்ல காரியம், மறுக்கமாட்டேன். பல நிலையங்கள் விகாரையோடு சேர்ந்தும் கிராமச் சந்தியிலும் இருந்தன. மாலை நிறுவை முடிந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டுகிற பெண் எந்த நேரத்தில் எந்தப் பஸ் பிடித்து அங்கே போவாள்? தோட்டத்துக்குள்ளேயே ஒன்று வைப்பதற்குப் பிரதேச சபைக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தோட்டம் கம்பனியின் பொறுப்பு என்று சொல்லி, எங்கள் வாக்கில் வந்த சபை எங்கள் லயத்து வாசலில் ஒரு தெருவிளக்குப் போடவும் தயங்கியது. அந்தச் சட்டத்தைத் திருத்தியது 2018இல். அதுவரை எங்களுக்கு வாக்கு இருந்தது, வாசகசாலை இல்லை.

போன் இருந்து, கவரேஜ் இருந்து, டேட்டாவும் இருந்தால்? அப்போதும் முடியவில்லை. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அரசாங்க இணையப் பக்கத்தில் தமிழ் என்று அழுத்தினால் பாதிப் பக்கம் சிங்களமாகவும் ஆங்கிலமாகவும் நிற்கிறது. தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து எத்தனை வருடம்! ஐம்பது வயது அம்மா, வங்கியிலிருந்து வந்த இலக்கத்தை வாசித்துச் சொல்ல முன்வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறாள். தன் வங்கிக் கணக்கின் ரகசியத்தை அந்தப் பையனிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதைத் தாண்டினால் படிவம் விலாசம் கேட்கிறது. வீட்டு இலக்கம், வீதி. லயத்துக்கு இரண்டும் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவுதான் எங்கள் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாரோ நினைத்துக்கொண்டால் வீடு வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து வந்து வேலையை இழந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. எங்களிடமிருந்து 1948இல் பறித்த குடியுரிமையை முழுவதாகத் திருப்பித் தர 2003 வரை எடுத்த நாடு, விலாசத்தை இன்னும் தரவில்லை. கடன் விண்ணப்பம், அஸ்வெசும நலன்புரி உதவி, இணையக் கடையில் ஒரு புத்தகம் என எதைத் தொட்டாலும் அந்த வெற்றுக் கட்டத்தில் வந்து நிற்கிறது. விலாசமில்லாத மனிதருக்கு டச் போனால் எந்தக் கதவும் திறக்காது.

லயத்துக்கு லயம் இலக்கம் போடுவதும், பாதைக்குப் பெயர் வைப்பதும், தபால்காரர் வாசல் வரை வருவதும், பாடசாலைக் கணினி அறையை மாலையிலும் திறந்து வைப்பதும் கோடிக்கணக்கில் செலவாகும் காரியங்கள் அல்ல. 2018இன் திருத்தம் கையில் இருக்கிறது. அதே வருடத் தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சபைகள் கிடைத்தன. 2025 மே தேர்தலோடு அவை மறுபடி அமைந்திருக்கின்றன. அந்தச் சபைகளின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இந்த நான்கு வேலைகளுக்கும் எத்தனை ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நான் வரிவரியாகப் பார்க்கப்போகிறேன்.