ஒரு தீவு, பல துறைமுகங்கள்

இலங்கையின் துறைமுகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. கொழும்பில் இறங்கும் கொள்கலன்களில் பெரும்பகுதி நாட்டுக்குள் போவதே இல்லை. பெரிய கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் பெட்டி, முற்றத்தில் மற்றப் பெட்டிகளோடு அடுக்கிக் கிடந்து, பிறகு சிறிய கப்பலேறித் தூத்துக்குடிக்கோ சிட்டகாங்குக்கோ போய்ச் சேரும். இந்த இடைமாற்று வணிகம்தான் கொழும்பின் உயிர்நாடி. அதைச் சாத்தியமாக்கியது 1875இல் கட்டத் தொடங்கிய அலைதடுப்புச் சுவர். அதற்கு முன்பு நீராவிக் கப்பல்கள் நாடியது காலியை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்ததும் காலியில்தான். சீனம், பாரசீகத்தோடு தமிழும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அன்றைய கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்துக்கு அந்தக் கல்லே சாட்சி. திருகோணமலை இயற்கை தந்த ஆழ்துறைமுகம். பிரிட்டிஷ் கடற்படை அதைத் தளமாக்கியது, 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. அம்பாந்தோட்டை கடன் வாங்கிக் கட்டியது; 2010இல் திறந்து, 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. அவசரத்தில் எடுத்த முடிவுக்கு நாடு கொடுத்த விலை அது. வடக்கே காங்கேசன்துறை, உள்நாட்டுப் போரில் முடங்கிப்போய், 2023 அக்டோபரில்தான் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலைக் கண்டது. பெருந்துறைமுகங்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது இந்தச் சிறு துறைக்கும் கிடைக்க வேண்டும்.