கைபேசிக்குள் ஊரும் காலனியும்

ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒரே நிறச் சீருடை, ஒரே கேன்டீன் சாப்பாடு. ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, பாலக்கோடு எனப் பல பக்கங்களிலிருந்து வந்தவர்கள் வாடகையைப் பங்கு போட்டு ஒரே அறையில் தங்குகிறார்கள். யார் ஊர், யார் காலனி என்று பார்க்காமல் ஒரே பாத்திரத்தில் ஆக்கிச் சாப்பிடுகிறார்கள். நம் பெற்றோர் காலத்தில் கிராமத்தில் நினைத்துப் பார்க்க முடியாத நட்பு இது.

இந்த நட்பு உடைவதையும் நாம் பார்த்துவருகிறோம். அது உடையும் இடம் பெரும்பாலும் கைபேசிதான். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, சொந்த ஊரின் சாதிக் குழுக்கள் அறைக்குள்ளேயே வந்துவிட்டன. தலைவர் பிறந்தநாள் வந்தால் அரிவாள் படத்துடன் ‘ஆண்ட பரம்பரை’ ஸ்டேட்டஸ் ஏறுகிறது. வைத்தவர் ஊர்க்காரர்களை நினைத்து வைக்கிறார். பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் காலனி நண்பரும் அதைப் பார்க்கிறார். அந்த நண்பர் ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படம் வைத்தால், “ஏன்டா சாதிப் படம் வைக்கிற?” என்று கேள்வி வருகிறது. அரிவாள் பெருமையாம், அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவரின் படம் சாதியாம்!

நேரில் சொல்லியிருந்தால் நண்பரின் முகம் வாடுவது தெரிந்திருக்கும்; இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டு சேர்ந்திருப்பார்கள். கைபேசியில் அது நடப்பதில்லை. ஒருவர் மற்றவரை மியூட் செய்கிறார். அடுத்த மாதம் அறை மாறுகிறார். காரணம் கேட்டால், “கம்பெனிக்குப் பக்கம்” என்கிறார்.

இதைச் சின்ன மனத்தாங்கல் என்று விட முடியாது. 2018 நவம்பரில் ஓசூர் பகுதியின் சாதி மறுப்புத் தம்பதி கொல்லப்பட்டு, உடல்கள் கர்நாடகக் காவிரியில் வீசப்பட்டன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியதாகக் கைதானவர்களில் உடன் படித்தவர்களும் இருந்தனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்ய 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பள்ளி வாசலில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். ஸ்டேட்டஸை யார் அவிழ்ப்பது?

சட்டம் ஓரளவு உதவும். ஒருவரை இணையத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் என 2022இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் எந்த வழக்கும் போன நண்பனைத் திருப்பித் தராது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரிக்க முடியாது என்று அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் எச்சரித்தார். அந்தச் சகோதரத்துவம் வளரும் இடங்களில் ஒன்று இந்த வாடகை அறை.

கைபேசியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நள்ளிரவில் ரத்தம் வேண்டும் என்றால் சாதி கேட்காமல் ஆள் வரவழைப்பதும், பெங்களூருக்கு வேலை மாறிப்போன தோழியை விடுதித் தோழியரோடு பேசவைப்பதும் அதுதான்.

ஆதிக்கச் சாதியில் பிறந்த தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வோம்: உங்கள் ஊர்க் குழுவில் அரிவாள் படம் வந்தால், “இதை நான் பகிர மாட்டேன், என் நண்பன் பார்ப்பான்” என்று அந்தக் குழுவிலேயே எழுதுங்கள். தலித் நண்பனுக்குத் தனியாக வருத்தம் தெரிவிப்பதைவிட அது பெரிய காரியம். நம் பிள்ளைகளுக்கும் ஒன்று: மனம் புண்பட்டால் மியூட் செய்துவிட்டு ஒதுங்காதீர்கள். ஷிப்ட் முடிந்ததும் டீக்கடையில் உட்காரவைத்து, “இதை ஏன் வைத்தாய்?” என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர். அறையைக் காலி செய்ய வேண்டியவர் நீங்கள் அல்ல.