அளவளாவல்: ஒரு சொல்லும் ஒரு பந்தியும்

"ஐயா, 'மிங்கிள்' என்பதற்குத் தமிழில் என்ன?" என்று மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். 'கலந்து பழகுதல்' என்றோம். பின்வரிசையில் சிரிப்பெழுந்தது. "கலப்புன்னாலே கலப்படம் ஞாபகம்தான் வருது ஐயா" என்றார் இன்னொருவர். மந்தைவெளியில் இறங்கி வீடு சேரும்வரை அச்சிரிப்பு நம்முடனேயே வந்தது.

'மிங்கிள்' வயதான சொல். பழைய ஆங்கிலத்தில் 'மெங்கன்' என்றால் கலத்தல். ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காட்டும் விகுதி பிற்காலத்தில் அதனோடு சேர, இன்றைய வடிவம் பிறந்தது. 'ட்விங்கிள்', 'ஸ்பார்க்கிள்' ஆகியவற்றின் இறுதியில் இருப்பதும் அதே விகுதிதான். ஒருமுறை கலந்தால் போதாது, கலந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதை அச்சொல்லின் வால் சொல்கிறது. 'இடையே' எனப் பொருள்படும் 'அமங்' இதன் உடன்பிறப்பு. கலப்பின நாயை இகழும் 'மாங்ரெல்' என்பதும் இதே வேரில் கிளைத்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. ஆக, கலப்பை ஏளனம் செய்வது நம் பின்வரிசைக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

கூடிவாழும் இயல்பைச் சொல்லும் 'கிரிகேரியஸ்' என்ற சொல்லோ, மந்தை என்று பொருள்படும் இலத்தீன் 'கிரெக்ஸ்' என்பதிலிருந்து வந்தது. மந்தைவெளிக்காரரான நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. பேர் முழுக்கக் கூட்டம். ஆனால் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பேர் நமக்குத் தெரியாது.

தமிழில் இதற்கான அழகிய சொல் 'அளவளாவுதல்'. வள்ளுவர் அதைச் 'சுற்றந்தழால்' அதிகாரத்தில், 523ஆம் குறளில் வைத்தார். அளவளாவல் இல்லாதவன் வாழ்க்கை, கரையில்லாக் குளத்தில் நீர் நிறைந்தாற்போன்றது என்பது அதன் கருத்து. செல்வம் வந்தாலும் தங்காது. உவமை அருமையானது. ஆனால் அதிகாரத்தின் பெயரைக் கவனிக்கவேண்டும். சுற்றம் என்று நாம் யாரை எண்ணுகிறோம்?

இக்கேள்வி வ.வே.சு. ஐயரைச் சுட்டது. குறளை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். அந்நூல் 1916இல் வெளியாயிற்று. அவரே நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப் பந்தி இருந்தது. 1924-25இல் அது பெரும் பூசலாக வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றனர். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் ஐயர் மறைந்தார். தமிழ்ச் சிறுகதை முன்னோடியான அவரைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. சொல்லைப் பெயர்ப்பது எளிது, பந்தியை மாற்றுவது கடினம் என்பதற்கு அவரினும் பெரிய சான்று நமக்குக் கிடைக்கவில்லை. 'கம்பானியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளும், சேர்ந்து ரொட்டி உண்பவர் என்பதே.

'கலப்புத் திருமணம்' என்பதைவிடச் 'சாதி மறுப்புத் திருமணம்' என்பதே தகும் என்பார் பலர். கலப்பு என்றால் முன்பு தூய்மை ஒன்று இருந்ததாக ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமுண்டு. ஆயினும் 'கலப்பு' என்ற சொல்லைக் கைவிட நமக்கு மனமில்லை. மாசு சொல்லில் இல்லை, அதைக் கேட்டுச் சிரிக்கும் செவியில் இருக்கிறது. தமிழே பலவும் கலந்து வளர்ந்த மொழிதானே!

ஆகஸ்டு 15 அன்று கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. வரிசையாக அமர்ந்து உண்கிறோம். மறுநாள்? 523ஆம் குறளை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிற நம் வீட்டிலேயே, வேலைக்கு வரும் அம்மாவுக்கென ஒரு தனித் தம்ளர் சமையலறைச் சன்னலில் கவிழ்ந்து கிடந்தது. யார் வைத்தது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சிரிப்போடு வீடு திரும்பிய மாலையில்தான் அது கண்ணில் பட்டது. எடுத்து மற்றத் தம்ளர்களோடு சேர்த்து வைத்தோம். மறுநாள் காலை அது மீண்டும் சன்னலில் இருந்தது. அந்த அம்மாவே எடுத்து வைத்திருந்தார்.

அந்த விகுதி மீண்டும் மீண்டும் என்று ஏன் சொல்கிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று.