ரெண்டு வாசல் இருக்கு... ஆனா ஒரே தெருவா?

போன வாரம் மாடி வீட்டு அக்கா கேட்டார். "ஏன் தம்பி, வீட்டு வைஃபை போச்சுன்னா போன்ல இருக்கிற நெட்டைப் போட்டுக்கலாம். இதுக்கு எதுக்கு இவ்ளோ பயம்?"

நியாயமான கேள்விதான். ரெண்டும் எந்த கம்பெனி என்று கேட்டேன். "ஒரே கம்பெனிதான்ப்பா. சேர்த்து வாங்கினா பில் குறையுது" என்றார். எனக்கு உடனே கனடா ஞாபகம் வந்துவிட்டது.

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸின் நெட்வொர்க், விடியற்காலை 4.45 மணிக்கு விழத் தொடங்கியது. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். வீட்டு இன்டர்நெட் இல்லை, செல்போன் இல்லை, லேண்ட்லைன் இல்லை. அவசர உதவிக்கான 911-ஐக்கூட பலரால் அழைக்க முடியவில்லை. நம்மூரில் யூ.பி.ஐ மாதிரி அங்கே எல்லோரும் நம்பியிருக்கும் 'இன்டராக்' டெபிட் கார்டு சேவையும் நாடு முழுக்க நின்றது. காரணம், இன்டராக்கும் ரோஜர்ஸ் நெட்வொர்க்கை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. டொரன்டோவில் அன்று இரவு நடக்கவேண்டிய பாடகர் தி வீக்கெண்டின் கச்சேரியும் தள்ளிப்போனது. நிலைமை சீராகச் சுமார் 26 மணி நேரம் ஆனது.

இவ்வளவு பெரிய கம்பெனியில் ஸ்பேர் ரவுட்டர் இல்லையா? இருக்கும். ஸ்பேர் எப்படி வேலை செய்யும் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

உங்கள் போன் வைஃபையில் சேர்ந்ததும், வெளி உலகத்துக்குப் போகிற வாசலின் முகவரி ஒன்றை அதற்குச் சொல்லிவிடுவார்கள். இதன் பெயர் கேட்வே. வைஃபை செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் 192.168.1.1 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். போனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வாசல் மட்டும்தான். அது மூடினால், வேறு வாசலைத் தேடிப்போகிற புத்தி அதற்குக் கிடையாது.

வங்கி, ஆஸ்பத்திரி மாதிரி நிற்கவே கூடாத இடங்களில் இரண்டு ரவுட்டர்களை வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே வாசல் முகவரியைக் கொடுப்பார்கள். இதற்கான பொது விதிமுறை 1998-லேயே வந்துவிட்டது. பெயர் வி.ஆர்.ஆர்.பி. முதல் ரவுட்டர் வழக்கமாக விநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கேன்" என்று குரல் கொடுக்கும். மூன்று விநாடிக்கு மேல் சத்தம் வராவிட்டால், இரண்டாவது ரவுட்டர் அந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் நகர்ந்தால் பின்னாலேயே இன்னொருவர் வாளியை வாங்கிக்கொள்வார் இல்லையா? சாப்பிடுகிறவருக்கு ஆள் மாறியதே தெரியாது. அதுதான் ஃபெயில்ஓவர்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் முதல் ரவுட்டர் உயிரோடு இருந்து, அதற்குப் பின்னால் வெளியே போகும் கேபிள் அறுந்திருந்தால்? அது பாட்டுக்கு "நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வாளி கையில் இருக்கிறது, சாம்பார்தான் இல்லை. அதனால் வெளியே போகும் லைனையும் சேர்த்துக் கண்காணிக்கும்படி அமைக்க வேண்டும். அதை மறந்துவிட்ட அலுவலகங்களில், பரணில் ஏற்றிய பழைய குத்துவிளக்கு மாதிரி ஸ்பேர் ரவுட்டர் சும்மா இருக்கும்.

ரோஜர்ஸ் கதையில் நடந்தது இன்னும் மோசம். நெட்வொர்க்கை மேம்படுத்தும் வேலையின்போது, வழித்தகவல்களை வடிகட்டித் தரும் ஒரு ஃபில்டரை நீக்கிவிட்டார்கள். அந்தத் தகவல்கள் மொத்தமும் வெள்ளம்போல மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. அளவுக்கு மீறிய சுமையைத் தடுக்கும் பாதுகாப்பு அவற்றில் இல்லை. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்பதெல்லாம் தனித்தனியாகப் பழுதானால்தான். ஒரே வெள்ளம் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்தால் ஸ்பேரும் சேர்ந்துதானே மூழ்கும்? செல்போனும் வீட்டு இன்டர்நெட்டும் அதே மையத்தின் வழியாகத்தான் போயின. அதனால் இரண்டும் ஒன்றாக விழுந்தன.

சரிசெய்யப் போனவர்கள் பாடு இன்னும் பரிதாபம். ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து இயக்கும் வழியும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தது. ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவும் சொந்தக் கம்பெனி போன்தான்! கடைசியில் போட்டி கம்பெனிகளின் சிம் கார்டுகளை அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. கிண்டலாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு போன் செய்யத் துடித்தவர்களை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு, செல்போனுக்கும் வீட்டு இணையத்துக்கும் மையத்தைத் தனித்தனியாகப் பிரிக்கப்போவதாக ரோஜர்ஸ் அறிவித்தது. இன்டராக் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பையும் சேர்ப்பதாகச் சொன்னது. பெரிய ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள, அரசின் உத்தரவுப்படி தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதே ஆண்டு செப்டம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இப்போது அக்கா வீட்டுக்கு வருவோம். வைஃபையும் போனும் ஒரே கம்பெனி. பார்க்க இரண்டு வாசல், வெளியே வந்தால் ஒரே தெருவாக இருக்கலாம். இதற்குப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். வீட்டில் ஒரு போனிலாவது வேறு கம்பெனி சிம் இருக்கட்டும். வேறு கம்பெனியின் பெயரில் இயங்கினாலும், சில சேவைகள் பெரிய கம்பெனியின் டவரையே பயன்படுத்தும். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கரன்ட் போனால் ரவுட்டரும் போகும், அதை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்திருக்கிறீர்களா? பர்ஸில் 500 ரூபாய் ரொக்கம் வைத்திருக்கிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே வைஃபையை அணைத்துவிட்டு, மாற்று சிம்மில் ஒரு போன் பேசி, பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். நெட்வொர்க் என்ஜினீயர்கள் ராத்திரியில் வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அக்கா மறுநாளே அலமாரியைக் குடைந்து, மாமாவின் பழைய சிம்மைக் கண்டுபிடித்து போனில் போட்டுவிட்டார். முகத்தில் ஒரே பெருமை. ரீசார்ஜ் பண்ணி எத்தனை மாசம் ஆச்சு என்று கேட்டேன். "அதுக்கும் ரீசார்ஜ் பண்ணணுமா?" என்றார்.