போடிக்கு ரயில் வந்தால் மட்டும் போதுமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்பவன் நான். அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். பாதையின் நீளம் சுமார் 90 கிலோமீட்டர். தேனிக்கு ரயில் திரும்ப 2022 மே ஆனது. போடிக்கு 2023 ஜூன். ஆண்டுதோறும் நிதியைக் கிள்ளிக் கொடுத்தால் வேலை இப்படித்தான் இழுக்கும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு ரயில் பாஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

இடுக்கி மலையிலிருந்து இறங்கும் காயை இங்கே சலித்து, 8 மில்லிமீட்டர் காயைத் தனியே பிரிக்கிறோம். பச்சை மங்கியதையும் வெடித்ததையும் பெண்கள் கையால் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமும் இங்கே நடக்கிறது. ஊரிடம் தொழில் இருக்கிறது. அதற்குத் துணைநிற்கும் திட்டம்தான் வேண்டும்.

சென்னைக்கு வாரம் மூன்று நாள் என்று தொடங்கிய ரயிலைத் தினசரி ஆக்குங்கள். நிலையத்தில் பார்சல் வசதியும் குடோனும் அமையுங்கள். இனி எந்தப் பாதையை மூடினாலும், முழு நிதியை ஒதுக்கி, திறக்கும் தேதியை அறிவித்துவிட்டு மூடுங்கள். இது சலுகை அல்ல, சிற்றூர்களின் உரிமை.