கண் கெடும் முன் சூரிய நமஸ்காரம்

பெயர்தான் ஆரம்பாக்கம். தமிழ்நாடு அங்கேதான் முடிகிறது. சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போர்டெல்லாம் ஜிலேபி ஜிலேபியாக மாறி, தடா வந்துவிடும். கிழக்கே பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது. ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா.

‘இந்த வாரம் ஸர்ஃபிங் பற்றி எழுதப் போகிறேன் என்றீரே, அதற்கு ஏனய்யா ஆரம்பாக்கம் போனீர்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் சொச்சம்தான். அங்கே எழும் அலையில் பலகை சறுக்காது. காகிதக் கப்பல் வேண்டுமானால் லேசாகத் தலையாட்டும். நான் போனது அலையைப் பார்க்க அல்ல, கண்ணைப் பார்க்க. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நம் ஹீரோவைப் பாருங்கள். வயது இருபத்தெட்டு. திங்கள் முதல் வெள்ளி வரை ஏ.ஸி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் வாசம். சனிக்கிழமை விடியற்காலை ஈ.ஸி.ஆரில் பைக்கை விரட்டி, கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ பலகையும் கையுமாக நிற்கிறார். கோவளத்தில் மீனவக் குடும்பத்து மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குக் கற்று, ஊர்ப் பையன்களுக்கும் கற்றுக்கொடுக்க, 2013-ல் அங்கே ஒரு ஸர்ஃபிங் திருவிழாவே நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்துக்கு வந்தது. கர்நாடகத்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கி, அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். ஆக, இது இனிமேல் வெள்ளைக்காரன் விளையாட்டு இல்லை. நம் சனிக்கிழமை விளையாட்டு.

சரி, ஹீரோவின் பையைத் திறந்து சோதனை போடலாம். ஸன்ஸ்க்ரீன் இருக்கிறது. விலை, உயர்ந்த ரகம். ‘கறுத்துட்டா பொண்ணு கிடைக்காதுடா’ என்ற அம்மாவின் ஆசீர்வாதத்துடன் வாங்கியது. கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பேரம் பேசியது. தலைக்கு? ஜெல் இருக்கிறது. தலைமுடிக்கு மட்டும்.

அடியேன் பி.காம். எதைப் பார்த்தாலும் பேரேடு போடத் தோன்றும். எந்தச் சொத்துக்கு எவ்வளவு பாதுகாப்புச் செலவு? போனால் திரும்பி வராத சொத்துக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும். மேல்தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கிற சரக்கு. கண் அப்படி இல்லை. ரிப்பேர் செய்யலாம், பழையபடி ஆகும் என்று கியாரண்டி கிடையாது. தலைக்கு ஸ்பேர் பார்ட்டே கிடையாது. ஆக வரிசை: தலை, கண், தோல். நம் ஹீரோவின் செலவு வரிசை: தோல், கண், தலை. அக்கவுன்ட்ஸ் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் வாத்தியார் விடைத்தாளை ஜன்னல் வழியே விட்டெறிந்திருப்பார்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

ஸர்ஃபிங் என்றதும் சுறா நினைவுக்கு வந்தால் நீங்கள் சினிமா அதிகம் பார்க்கிறீர்கள். 2002-ல் ஓர் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் வெளியான ஆய்வில், அலைச்சறுக்கில் பட்ட காயங்களில் பாதிக்கு மேல் அவரவர் சொந்தப் பலகையே மோதியதால் வந்தவை. மூன்றில் ஒன்றுக்கு மேல் தலையிலும் கழுத்திலும். காரணம் எளிது. பலகை உங்கள் காலில் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் விழுந்ததும் அலை அதை முன்னால் இழுக்கும், கயிறு பின்னால் இழுக்கும், ரப்பர் வில்லில் வைத்த கல் மாதிரி அது திரும்பி வரும். அந்த நேரம் பார்த்து நீங்கள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி ‘அப்பாடா’ என்பீர்கள். டமால்!

ஆகவே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை நிற்பது அல்ல, விழுவது. தலைகுப்புற டைவ் அடிக்கக் கூடாது. கீழே எவ்வளவு தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியாது, மணலுக்குத் தெரியும். தட்டையாக, முதுகோ பக்கவாட்டோ படும்படி விழுங்கள். இரண்டு கைகளாலும் தலையை அணைத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடி பொறுத்து, கையை முன்னால் நீட்டியபடி மேலே வாருங்கள். பலகை வந்தால் கை முதலில் சந்திக்கட்டும். முதல் சில மாதம் நுரைமேல் கொண்ட மெத்துப் பலகைதான். ‘எனக்குக் கெட்டிப் பலகை கொடுங்க மாஸ்டர்’ என்று கெத்துக் காட்ட வேண்டாம்.

ஹெல்மெட்? தண்ணீர் விளையாட்டுக்கென்றே தனி ஹெல்மெட் இருக்கிறது. லேசானது, தண்ணீர் வடிய ஓட்டை உள்ளது. பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினால் அது வாளி. அலை அதற்குள் புகுந்து கழுத்தைத் திருகும். நம் ஊரில் ஹெல்மெட்டின் சரித்திரம் தெரிந்ததுதானே? 2015 ஜூலை முதல் தேதி கோர்ட் உத்தரவால் கட்டாயமாக்கியபோது, பாதிப் பேர் அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டி, கண்ணாடியின் தலையைக் காப்பாற்றினார்கள்.

ஹெல்மெட் மண்டை பிளப்பதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. ஆஸ்திரேலியாவின் ஓவன் ரைட் உலகத் தரவரிசையில் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த வீரர். 2015 டிசம்பரில் ஹவாயின் பைப்லைன் அலைகள் தலையில் இறங்கியதில் மூளையில் காயம். நடக்கவே மறுபடி பழக வேண்டியிருந்தது. பலகையில் ஏறி நிற்பதையும் முதலிலிருந்து கற்றார். ஸர்ஃபிங் முதன்முதலாக ஒலிம்பிக்ஸில் இடம்பெற்றது டோக்கியோவில், 2021-ல். அங்கே அவர் வெண்கலம் வாங்கினார். கதை சுபம். ஆனால் எல்லோருக்கும் அந்த க்ளைமாக்ஸ் கிடைக்காது. அடிபட்டபின் தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா, நடந்தது மறந்துபோகிறதா? அன்றைக்குக் கடல் போதும். நேராக டாக்டர். ‘ஒரே ஒரு அலை மச்சி’ என்பது அப்போது சொல்லக்கூடாத வாக்கியம்.

இப்போது ஆரம்பாக்கம். ஏரிக்கரையில் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். தலையில் ஈரத் துண்டு. வலது கண்ணில் மூக்கோரத்திலிருந்து ஒரு வெளிர்சிவப்புச் சதை, முக்கோணமாக, கருவிழியை நோக்கி ஊர்ந்திருந்தது.

“இது எத்தனை நாளா இருக்குங்க ஐயா?”

“அது கீது ரொம்ப வருசமா. சதை வளந்துகீதுன்னாரு டாக்டரு. வலி கிலி இல்ல தம்பி. மிதவைதான் கோணலாத் தெரியுது.”

“ஆபரேஷன் பண்ணிக்கலாமே?”

“பண்ணிக்கலாம். ஒரு மாசம் தண்ணிக்கும் போகாதே, வெயிலுக்கும் போகாதேன்றாங்க. தண்ணியும் வெயிலும் இல்லாம எனக்கு இன்னா தொழிலு கீது தம்பி?”

பதில் சொல்லத் தெரியாமல் வலையைப் பார்த்தேன்.

அந்தச் சதைக்கு மருத்துவப் பெயர் டெரிஜியம். கிரேக்க மொழியில் குட்டி இறக்கை. வெளிநாடுகளில் இதற்கு இன்னொரு செல்லப்பெயர், ‘ஸர்ஃபர்ஸ் ஐ’. பலகையில் நின்றால் ஸர்ஃபர்ஸ் ஐ. ஓடத்தில் நின்றால் வெறும் சதை. வியாதி ஒன்றுதான்: வெயிலும் காற்றும் உப்பும் வருஷக்கணக்காக வாங்கிய வட்டி. சென்னையிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் நாற்பது வயது தாண்டியவர்களிடம் நடத்தி, 2012-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருந்தது. கிராமத்திலும், வெளியே வேலை செய்கிறவர்களிடமும் அதிகம். ஆரம்பாக்கம் இருப்பதும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான்.

அது ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கமாகவே முளைக்கிறது? ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ 1990-களில் ஒரு விளக்கம் சொன்னார். காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் வெளிச்சத்தைக் கருவிழி ஒரு பூதக்கண்ணாடி போல மடக்கி, எதிர்ப்பக்கம், அதாவது மூக்கோரத்தில், குவிக்கிறது. சின்ன வயசில் லென்ஸை வைத்துக் காகிதம் எரித்தோமே, அதே கணக்கு. முன்னால் மட்டும் மறைக்கிற கண்ணாடி பாதிக் கதவைப் பூட்டியது போலத்தான். பக்கவாட்டிலும் வளைந்து அணைக்கிற கண்ணாடி வேண்டும்.

இன்னொரு செய்தி. கண்ணுக்கு எதிரி உச்சி வெயில் என்றுதானே நினைக்கிறோம்? உச்சியில் சூரியன் இருக்கும்போது புருவம் கூரை மாதிரி மறைத்துவிடுகிறது. ஜப்பானியர் 2011-ல் அளந்து பார்த்தபோது, கண்ணுக்குள் புற ஊதாக் கதிர் அதிகம் புகுந்தது காலை எட்டு முதல் பத்து வரையும், பிற்பகல் இரண்டு முதல் நாலு வரையும்தான். இதை நம் கடற்கரையில் பொருத்துங்கள். கடல் கிழக்கே. அலைக்காகக் காத்திருப்பவன் பலகையில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தாக வேண்டும். காலை எட்டரை மணிக்கு எதிரே சூரியன், கீழே அதன் பளபளப்பு. இதைவிடச் சிரத்தையான சூரிய நமஸ்காரம் எந்தக் கோயிலிலும் கிடையாது. கண் கெட்ட பின் செய்வதைப் பழமொழி கேலி செய்கிறது. நாம் கண் கெடுவதற்கென்றே செய்கிறோம்!

கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது கறுப்பைப் பார்க்காதீர்கள். ‘யூவி 400’ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத வெறும் கறுப்பு, சும்மா இருப்பதைவிட மோசமாகலாம். இருட்டு என்று ஏமாந்து பாப்பா விரியும், விரிந்த வாசலில் கதிர் ஜாலியாக நுழையும். தண்ணீரில் கண்ணாடி நழுவாமல் இருக்கப் பின்னால் நாடா, தாடைக்கடியில் கட்டுகிற விளிம்புத் தொப்பி, இரண்டும் சேர்ந்தால் உத்தமம். பவர் கண்ணாடிக்காரர்கள் கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்க வேண்டாம். தண்ணீரிலுள்ள கிருமிகள் லென்ஸுக்கடியில் குடித்தனம் வைத்தால் காலி செய்வது கஷ்டம்.

கடைசியாகத் தோல். கறுத்துவிடுவோமே என்று பயந்தீர்களே, அந்தக் கறுப்புதான் உங்கள் இலவச இன்ஷூரன்ஸ். 1979-ல் அமெரிக்காவில் அளந்தபோது கறுப்பினத்தவர் மேல்தோல் சராசரியாக எஸ்.பி.எஃப். 13-க்குச் சமமாக இருந்தது. வெள்ளையருக்கு 3 சொச்சம். நாம் நடுவில் எங்கோ இருக்கிறோம். ஆனால் இந்த பாலிசி மூன்று மணி நேரக் கடலுக்குப் போதாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கடல் நுரை புற ஊதாக் கதிரில் சுமார் 25 சதவிகிதத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். மணல் 15 சதவிகிதம். ‘தண்ணிக்குள்ளதானே இருக்கேன்’ என்பதும் செல்லாது. அரை மீட்டர் ஆழத்திலும் மேலே இருப்பதில் 40 சதவிகிதம் வந்து சேர்ந்துவிடுகிறது.

முழுக்கை வைத்த இறுக்கமான லைக்ரா சட்டை போடுங்கள். கழுவிப் போகாத ஸன்ஸ்க்ரீன் அதுதான். பலகையில் படுத்து எழும் சிராய்ப்பும் மிச்சம். நனைந்த வெள்ளைப் பனியன் மறைப்பது ரொம்பக் குறைவு. மீதி இடங்களுக்கு எஸ்.பி.எஃப். 30 போதும், 97 சதவிகிதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவிகிதத்துக்காகப் பர்ஸைக் காலி செய்யாமல், அளவாகப் பூசுங்கள். முழு உடம்புக்கு ஆறு டீஸ்பூன் கணக்கு. கோயில் குங்குமம் மாதிரி தொட்டு வைத்தால் பலிக்காது. இரண்டு மணிக்கொருமுறை மறுபடி. மூக்கிலும் கன்னத்திலும் ஜிங்க் ஆக்ஸைடு பட்டை போட்டால் விபூதி போலத்தான் தெரியும். யாராவது கேட்டால் பிரதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட மலிவான கருவி உங்கள் நிழல். அது உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் கரையேறுங்கள்.

கோவளத்துப் பையன்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அப்பா துண்டோடு கடலுக்குப் போனார். பிள்ளை தொப்பி, சட்டை, ஜிங்க் பட்டையோடு போகிறான். கடல் அதேதான். இந்த விவரமெல்லாம் அந்த ஊருக்குப் பலகை ஏறி வந்தது. அலையே வராத ஆரம்பாக்கத்துக்கு எதில் ஏறி வரும்? யாராவது கையில் எடுத்துப் போனால்தான் உண்டு. யூவி 400 போட்ட கண்ணாடியும் விளிம்புத் தொப்பியும், நம் ஹீரோ மாதாமாதம் தலைமுடி ஜெல்லுக்கும் முகப்பூச்சுக்கும் செலவழிக்கிற காசுக்குள் அடங்கும். ஓடத்தில் இன்றைக்குத்தான் ஏறத் தொடங்கியிருக்கிற பையன்களுக்கு அது போய்ச் சேர்ந்தால், இன்னும் முப்பது வருஷம் கழித்தும் அவர்களுக்கு மிதவை நேராகத் தெரியும்.